பட்டியல் போடுகிறவர்களுக்கு

ஒலிம்பிக்கில் எந்தப் பிரிவு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்கிற குழுவினருக்கு,



2004 ஆகஸ்ட் 18 அன்று ஏதென்ஸை அடுத்த மார்கோபூலோ சுடுதளத்தில் கிம் ரோட் என்ற அமெரிக்கப் பெண் 160 தட்டுகளில் 146-ஐ உடைத்துத் தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்த தென்கொரியாவின் லீ போ-னா உடைத்தது 145. ஒரே ஒரு தட்டு வித்தியாசம். பிரிவின் பெயர் மகளிர் டபுள் டிராப். பதக்கத்தோடு மேடையை விட்டு இறங்கியபோது ரோட் அந்தப் பிரிவின் கடைசி ஒலிம்பிக் சாம்பியனாகியிருந்தார். அதன்பின் ஒலிம்பிக்கில் அது நடக்கவே இல்லை. 1996-இல் சேர்த்தீர்கள், 2004-உடன் எடுத்துவிட்டீர்கள். அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என்று மொத்தமே 3 முறை. அதில் 2 தங்கமும் 1 வெண்கலமும் இந்த ஒருவருக்கே. அப்போது அவருக்கு வயது 25.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ரோட் ஸ்கீட் பிரிவுக்கு மாறினார். பெய்ஜிங்கில் வெள்ளி, லண்டனில் தங்கம், ரியோவில் வெண்கலம். தனிநபர் போட்டிகளில் தொடர்ந்து ஆறு கோடைக்கால ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஐந்து கண்டங்களில் பதக்கம் வாங்கியவரும் அவர்தான். விடாமுயற்சிக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் அவரைக் காட்டுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த உதாரணத்தில் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு கதவை மூடினால் திறமைசாலி அடுத்த கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார், ஆகவே கதவை மூடியதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த மடல் அந்தச் சௌகரியத்தைப் பற்றியது.

முதலில் அவர் எதிலிருந்து எதற்கு மாறினார் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருவர் குரல் கொடுக்கிறார், ஆரஞ்சு நிறத் தட்டு பறக்கிறது, வெடிச் சத்தம், தூள். தட்டு என்பது 110 மில்லிமீட்டர் குறுக்களவு, நூறு கிராமுக்குச் சற்று மேல் எடை. சுண்ணாம்புக்கல் பொடியையும் நிலக்கீல் போன்ற பிசினையும் சேர்த்து வார்த்தது. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தாலே போதும், புள்ளி உண்டு.

டபுள் டிராப்பில் சுடுகிறவருக்கு முன்னே தரைக்குக் கீழே உள்ள குழியிலிருந்து இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பி, அவரை விட்டு விலகிப் பறக்கும். துப்பாக்கி முன்கூட்டியே தோளில் இருக்கலாம். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. முதல் தட்டை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு இரண்டாவது தட்டு பக்கத்தில் இருக்கும். வேகம்தான் அந்த ஆட்டத்தின் உயிர். தோள், கன்னம், கண், விரல் நான்கும் ஒரு தாளத்தில் பழகிப்போயிருக்கும்.

ஸ்கீட் அப்படியே வேறு. இடப்பக்கம் ஒரு உயரமான கூண்டு, வலப்பக்கம் ஒரு தாழ்வான கூண்டு. இரண்டுக்கும் நடுவே அரைவட்டமாகப் போட்ட 7 நிலைகளிலும், கூண்டுகளுக்கு மத்தியில் உள்ள 8-ஆவது நிலையிலும் ஒவ்வொன்றாக நின்று சுட வேண்டும். தட்டு விலகிப் போகாது, குறுக்கே பாயும். சில நிலைகளில் இரண்டு கூண்டிலிருந்தும் ஒரே சமயம் வரும். ஒன்றை வலப்பக்கம் துரத்தி உடைத்த கையோடு இடுப்பைத் திருப்பி மற்றதை இடப்பக்கம் பிடிக்க வேண்டும். தட்டுக்குக் குறி வைத்தால் தட்டு தப்பிவிடும். அது போய்ச் சேரப்போகிற வெற்றிடத்தில்தான் சுட வேண்டும், நின்ற நிலைக்குத் தகுந்தபடி அந்த இடைவெளி மாறும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது காத்திருப்பு. ஜாக்கெட்டின் பக்கவாட்டில் இடுப்பு மட்டத்தில் ஒரு பட்டை தைத்திருப்பார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டை அந்தப் பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குரல் கொடுத்ததும் தட்டு உடனே வரலாம், மூன்று விநாடி வரை தாமதித்தும் வரலாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது, இயந்திரம் தீர்மானிக்கும். தட்டு கண்ணில் படுவதற்கு முன் கட்டை அசைந்தால் நடுவர் கையை உயர்த்துவார். தட்டு கண்ணில் பட்டபின் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை ஒட்டி, வீசிச் சுட்டு முடிக்க ஒரு விநாடிகூட இல்லை. துப்பாக்கி முன்கூட்டியே தோளில் இருக்கிற ஆட்டத்தில் எட்டு ஆண்டுகள் ஒலிம்பிக் மேடை ஏறியவரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். புரியும்.

ரோட் நின்றார். எப்படி முடிந்தது?

அவர் 1979-இல் கலிஃபோர்னியாவின் விட்டியரில் பிறந்தவர். வேட்டைக்குப் போகிற குடும்பம். துப்பாக்கியைப் பிடிப்பது அந்த வீட்டில் சைக்கிள் ஓட்டக் கற்பதுபோல இயல்பாக நடந்தது. பத்து வயதிலேயே ஸ்கீட் போட்டிகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அது அமெரிக்க விதிப்படியான ஸ்கீட், ஒலிம்பிக் விதியைவிட இளக்கமானது. என்றாலும் குறுக்கே பாயும் தட்டைக் கண் துரத்தும் பழக்கம் அந்த வயதிலேயே வந்துவிட்டது. 1996 ஜூலை 23 அன்று, 17 வயது முடிந்து ஒரே வாரத்தில், அட்லாண்டாவில் 141 தட்டுகளை உடைத்து முதல் தங்கம். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் எந்தப் பெண்ணும் தங்கம் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்!

நாளொன்றுக்கு 500 முதல் 1,000 தோட்டா வரை சுடுவதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெட்டிக்கு 25 என்று வைத்தால் தினமும் 20 முதல் 40 பெட்டி. அதே எண்ணிக்கையில் தட்டுகள். அதை எறிய இயந்திரம், இயந்திரத்தை வைக்கத் திறந்த வெளி. ஈயக் குண்டுகள் சிதறி விழுகிற அந்த வெளியில் வேறு யாரும் நடமாடக் கூடாது. உயிர்ப்போடு இயங்கும் சுடுதளங்கள் இருக்கிற ஒரு ஊர், பக்கபலமாக நிற்கிற அப்பா, தோட்டாவையும் துப்பாக்கியையும் கொடுத்து ஆதரிக்கிற நிறுவனங்கள் என்று எல்லாம் கூடிவந்தால்தான் இது நடக்கும். ரோட்டுக்குக் கூடிவந்தது. அதனால் அவர் சாதனையின் மதிப்பு குறையாது. ஆனால் அவரை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளக்கும்போது இதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

  

பெய்ஜிங்கில் 93 தட்டுகளோடு மூன்று பேர் சமமாக நின்றார்கள். கூடுதல் சுற்றில் இத்தாலியின் கியாரா கைனேரோவுக்குத் தங்கம், ரோட்டுக்கு வெள்ளி. புதிய பிரிவில் முதல் ஒலிம்பிக்கிலேயே இது. ஊர் திரும்பிய அடுத்த மாதம் அவருடைய வண்டியிலிருந்து துப்பாக்கி திருடு போனது. நான்கு ஒலிம்பிக்கிலும் கூடவே வந்த இத்தாலியப் பெராஸி அது. ஷாட்கன் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கி என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கட்டையின் நீளம், கன்னம் படும் உயரம், தோளில் படும் கோணம் எல்லாம் அவரவர் உடம்புக்கு இழைத்திருக்கும். ஆதரவாளர்கள் சேர்ந்து புதுப் பெராஸி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் போலீசார் வேறொரு சோதனையின்போது பழையதையும் கண்டெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் புதியது கைக்குப் பழகியிருந்தது. பழையதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

2012 ஜூலை 29, லண்டன் உல்விச். தகுதிச் சுற்றில் 75-க்கு 74, இறுதிச் சுற்றில் 25-க்கு 25. நூறில் ஒன்றுதான் தவறியது. வெள்ளி வாங்கிய சீனாவின் வெய் நிங் எடுத்தது 91. எட்டுத் தட்டு இடைவெளி! ஒரு தட்டில் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில் இதைப் போட்டி என்றே சொல்ல முடியாது. அதே லண்டனில், ஒற்றைத் தட்டு பறக்கும் டிராப் பிரிவிலும் இறங்கிப் பார்த்தார், இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். பிரசவத்தை ஒட்டி உடல்நிலை மோசமாகி, பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்த காலம் அது. துப்பாக்கியின் எடை மூன்றரை கிலோவுக்குக் குறையாது. அங்கிருந்து மீண்டு வந்து, 2016 ரியோவில் சீனாவின் வெய் மெங்கோடு சமநிலையாகி, கூடுதல் சுற்றில் ஒரே ஒரு தட்டில் முந்தி வெண்கலம் எடுத்தார். டோக்கியோ, பாரிஸ் அணிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 40 வயதில், 2019 லிமா பான் அமெரிக்கப் போட்டியில் ஸ்கீட் தங்கம் வாங்கியிருந்தும்!

இது ரோட் கதை. இனி, பட்டியலில் விழுந்து எழாதவர்களின் கதைக்கு வருவோம்.

சீனாவின் ஜாங் ஷானை உங்களுக்கு நினைவிருக்கும். 1992 பார்சிலோனாவில் ஸ்கீட் இருபாலருக்கும் பொதுவான போட்டி. 24 வயதான ஜாங் ஷான் இறுதிச் சுற்றுக்கு முன்பு வரை 200-க்கு 200 உடைத்தார். மொத்தம் 225-இல் 223. பெரு நாட்டின் ஹுவான் கிஹாவும் இத்தாலியின் புரூனோ ரொசெட்டியும் 222. பொதுப் பிரிவில் ஆண்களை வென்று துப்பாக்கி சுடுதல் தங்கம் வாங்கிய முதல் பெண். மேடையில் அந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பிடித்த படம் இன்றும் சுற்றி வருகிறது.

1996 அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்குத் தனிப் பிரிவும் கிடையாது. ஆக, நடப்புச் சாம்பியன் தன் பட்டத்தைக் காக்கக் களத்துக்கே வர முடியாது. தோற்று வெளியேறவில்லை, காயப்பட்டு ஒதுங்கவில்லை, பட்டியலில் அவர் நிற்பதற்கு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். 2000 சிட்னியில் மகளிர் ஸ்கீட் வந்தது. எட்டு ஆண்டு கழித்து வந்த ஜாங் ஷான் எட்டாம் இடம் பிடித்தார். விளையாட்டு வீராங்கனையின் 24 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் எடுத்துக்கொண்ட காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்பவர்களிடமும் நியாயம் உண்டு. பழையதை எடுத்த அன்றே புதியதை வைத்திருந்தால் இந்த மடலில் அவர் பெயர் வந்திருக்காது.

ஆண்கள் டபுள் டிராப்புக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கிடைத்தது. இந்தியர்களுக்கு அதன் பெயர் பழக்கமானதே ராஜ்யவர்தன் சிங் ரத்தோரால்தான். ஏதென்ஸில் ரோட் தங்கம் வாங்கியதற்கு முந்தின நாள் அதே தளத்தில் அவர் 200-க்கு 179 எடுத்து வெள்ளி வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் வெள்ளி அது. அன்று தங்கம் வாங்கிய துபாயின் அகமது அல் மக்தூம் பிற்பாடு பிரிட்டனின் பீட்டர் வில்சனுக்குப் பயிற்சியளித்தார். 2012-இல் வில்சன் தங்கம் வாங்கினார். ஒரு சாம்பியன் இன்னொரு சாம்பியனை உருவாக்குகிற அளவுக்கு வேர்விட்டிருந்த பிரிவு. இந்தியாவில் ரத்தோருக்குப் பின்னால் ரோஞ்சன் சோதி வந்தார். 2010, 2011 என்று அடுத்தடுத்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பட்டம் வென்றார்.

2016 ரியோவில் இந்தப் பிரிவில் கடைசித் தங்கம் வாங்கியவர் ஃபெஹைத் அல்-தீஹானி. குவைத் ராணுவ அதிகாரி, வயது 49. குவைத்தை அப்போது நீங்கள் தடை செய்திருந்தீர்கள், அதனால் ஒலிம்பிக் கொடியின்கீழ் தனி ஆளாக வந்திருந்தார். அப்படி வந்து தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர். மேடையில் அவர் நாட்டுக் கொடியும் இல்லை, கீதமும் இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் பிரிவும் இல்லை. டோக்கியோவுக்கான பட்டியலில் ஆண்கள் டபுள் டிராப்பையும் வேறு இரண்டு ஆண்கள் பிரிவுகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலப்பு இரட்டையர் அணிப் போட்டிகளை வைத்தீர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பதக்க எண்ணிக்கை சமமாக வேண்டும் என்பது காரணம். அந்த நோக்கத்தோடு யாருக்கும் சண்டையில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 2004-இல் பெண்கள் டபுள் டிராப்பை எடுத்தது நீங்கள்தான். அதை வைத்திருந்தால் 2017-இல் ஆண்கள் டபுள் டிராப்புக்கு ஜோடி இருந்திருக்கும், சமமின்மை என்ற பேச்சே இந்தப் பிரிவில் எழுந்திருக்காது. ஒரு கையால் வெட்டியதை மறு கையால் காரணம் காட்டி மீண்டும் வெட்டியது போலாயிற்று.

அந்த அறிவிப்பு வந்து மூன்றே மாதத்தில், 2017 செப்டம்பரில், ரத்தோர் இந்தியாவின் விளையாட்டு அமைச்சரானார். தனக்குப் பதக்கம் தந்த பிரிவு ஒலிம்பிக்கில் இல்லாத காலத்து அமைச்சர். மறு ஆண்டு கொரியாவின் சாங்வோனில் அங்குர் மிட்டல் டபுள் டிராப்பில் உலகச் சாம்பியன் ஆனார். வேறு காலமாக இருந்திருந்தால் ஒலிம்பிக் வாய்ப்பைப் பற்றி நாலு நாள் தலையங்கம் எழுதியிருப்பார்கள். உலகத்திலேயே சிறந்தவர் என்று நிரூபித்தவருக்குப் போக ஒலிம்பிக் இல்லை. அவரும் டிராப்புக்கு மாறத்தான் வேண்டியிருந்தது. ஸ்ரேயஸி சிங்குக்கும் அதே கதை. காமன்வெல்த் போட்டிகளில் மகளிர் டபுள் டிராப் இருந்ததால் 2014-இல் வெள்ளி, 2018-இல் தங்கம். ஒலிம்பிக்குக்குப் போக அது உதவாது என்பதால் டிராப் சுட்டு, பீகார் சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே 2024-இல் பாரிஸ் போனார். அங்கே இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை.

பாரிஸ் டிராப்பில் ஆண்கள் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டவர் நம் புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான். 37 வயதில் முதல் ஒலிம்பிக். அதற்கு முந்தின ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணித் தங்கம் வாங்கியிருந்தார். முன்னால் போனால் பிகானேர் மகாராஜா கர்ணி சிங், 1960-இலிருந்து 1980-க்குள் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர், 1962-இல் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். இந்தியாவில் ஷாட்கன் யார் கையில் இருந்து வந்திருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும். இடமும் வசதியும் உள்ளவர்கள் ஒரு பிரிவு போனால் இன்னொன்றைப் பழகிக்கொள்ளலாம். ரத்தோர் ராணுவ அதிகாரி, அவருக்குப் படையின் சுடுதளமும் தோட்டாவும் கிடைத்தன. இந்த இரண்டு வட்டத்துக்கும் வெளியிலிருந்து, கடன் வாங்கித் தோட்டா வாங்குகிற ஒரு பெண் பத்து ஆண்டு உழைத்து ஒரு பிரிவில் தேறும்போது அதை எடுத்துவிட்டால், அவளிடம் இன்னொரு பத்து ஆண்டுக்கான தோட்டா இருக்காது. ரோட்டின் ஆறு பதக்கங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெண் கண்ணில் படமாட்டாள், ஏனென்றால் எந்த முடிவுப் பலகையிலும் அவள் பெயர் ஏறியிருக்காது.

2028-க்கான பட்டியலை முடித்துவிட்டீர்கள். 2032 பிரிஸ்பேனுக்கு உட்காரும்போது மூன்று காரியம் செய்யலாம். ஒரு பிரிவை எடுப்பதாக இருந்தால் அடுத்த ஒலிம்பிக்குக்கு என்று சொல்லாமல், அதற்கும் அடுத்ததற்கு என்று எட்டு ஆண்டு முன்பே சொல்லுங்கள். ஜூனியர் பிரிவில் இன்று காலடி வைக்கிற பெண் எதைப் பழகுவது என்று அவள் வீட்டில் முடிவு செய்துகொள்வார்கள். பெண்கள் பிரிவை எடுத்தால் அதே கூட்டத்தில் அதற்குப் பதில் எது என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள். ஒருமுறை 1996-இல் விட்டது போதும். மூன்றாவது, எடுக்கப்போகிற பிரிவில் அப்போது முன்னணியில் இருப்பவர்கள் இன்னொன்றுக்கு மாற ஆகிற தோட்டாச் செலவையும் பயிற்சிச் செலவையும் முதல் இரண்டு ஆண்டுக்கு உங்கள் ஒலிம்பிக் ஒற்றுமை நிதியிலிருந்து கொடுங்கள். நீங்கள் ஒளிபரப்பு உரிமையில் ஈட்டுகிற பணத்துக்கு அது பெரிய தொகையல்ல.

மூன்றில் எதைச் செய்ய முடியாது என்றாலும், ஏன் முடியாது என்பதைச் சுடுகிறவர்களின் பிரதிநிதிகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லுங்கள். முடிவெடுத்த பிறகு பத்திரிகைக் குறிப்பில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் தேடிப் படிக்கும் வாசகர்கள் சார்பில்